செலினா ஹாஸ்லம் மேலே வந்து உட்கார்ந்த ஜன்னல்

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. நிலக்கரிக்குத் தனி அறை. நனைந்த குடைகளுக்கு வாசலில் ஒரு மூலை. தங்க வருகிறவர்களின் தொப்பிகளுக்கு வரிசையாகக் கொக்கிகள். வீட்டை நடத்துகிற செலினா ஹாஸ்லமுக்கு மட்டும் ஓர் அறை கிடையாது. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் டோர்கஸ் வேரிங். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலில் கடலை நோக்கி இறங்கும் ஆல்பியன் தெருவில் செலினாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டை நடத்தினேன். இரண்டு வீடும் தார்ன்பர் என்பவருடையது. எங்கள் பக்கத்து வரிசை முழுக்க அவருடையதுதான். நாங்கள் அவருக்கு வாடகை கொடுத்து, கோடையில் ஆலைத் தொழிலாளர்களைத் தங்க வைத்துப் பிழைத்தோம்.

செலினா பிளீட்வுட் துறைமுகத்து மீன்காரரின் மகள். குள்ளம், பருமன், கைகள் எப்போதும் சிவந்திருக்கும். குரல் மட்டும் கப்பல் துறைக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் அந்த வீட்டுக்கு வந்தாள். கணவன் வில்ஃப் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறவன். நல்லவன்தான், ஆனால் யாராவது அதட்டினால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அதனால் அதட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் செலினாதான் போவாள். கறிக்கடைக்காரன் எலும்பைக் கூடுதலாகப் போட்டால் அதே பொட்டலத்தை அவன் மேசையில் அவிழ்த்து வைப்பாள். அவளோடு சண்டை போட்டவர்கள் அவளிடமே கல்யாணத்துக்குத் தட்டு இரவல் கேட்டு வருவார்கள். அப்படி ஒருத்தி.

எங்கள் தொழில் இப்படி. மே மாதக் கடைசியில் திருவிழா விடுமுறை தொடங்கும்போது மாடியிலிருந்து எங்கள் துணிமணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு கீழே இறங்குவோம். அதன்பிறகு குளிர் வரும்வரை வீட்டின் எந்த அறையும் எங்களுடையது அல்ல. தரைக்குக் கீழே இருக்கும் அடுக்களையில் சமைப்போம், அங்கேயே தூங்குவோம். செலினா அடுப்புக்கு எதிரே பலகையில் படுப்பாள். வில்ஃப் துணி துவைக்கிற கொட்டகையில். ஒரு வருஷம் கூட்டம் அதிகமானபோது என் கணவர் குளிக்கும் தொட்டியில் போர்வை விரித்துத் தூங்கினார், யாரோ காலையில் குழாயைத் திறந்துவிட்டார்கள். சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம்.

தங்க வருகிறவர்கள் அவரவர் சாப்பாட்டுச் சாமானைக் கொண்டு வருவார்கள். பன்றித்தொடை, முட்டை, உருளைக்கிழங்கு, புளிப்பான ரூபார்ப் தண்டு. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு தொங்கும். அதை அவரவருக்குத் தனித்தனியாகச் சமைத்து மேலே அனுப்ப வேண்டும். ஒரு குடும்பத்து உருளைக்கிழங்கும் அடுத்த அறைக்காரர் உருளைக்கிழங்கும் ஒரே பானையில் போனால் தொலைந்தது. மேலே இருக்கிறவர்கள் கீழே வரமாட்டார்கள், எது வேண்டுமானாலும் மணியடிப்பார்கள். கீழே இருக்கிறவள் மாடி முன்ஜன்னலில் தலைகாட்ட மாட்டாள். கோடையில் அடுக்களைத் துணியோடு ஒரு விடுதிக்காரி முன்ஜன்னலில் தெரிந்தால் அந்தத் தெருவுக்கே மானக்கேடு.

அந்த அடுக்களைக்கு ஒரே ஒரு ஜன்னல். வீட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு, கம்பிவேலி போட்டது. ஜன்னல் அந்தப் பள்ளத்துக்குள் திறக்கும். அதில் வானம் தெரியாது, போகிறவர்களின் காலணிகள்தான் தெரியும். ஆனாலும் வெளிச்சம் வரும், கடற்காற்று வரும், அடுப்புப் புகை வெளியே போகும். செலினாவுக்கு நெஞ்சுச் சளி உண்டு. ஜன்னலைத் தூக்கி விட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

தார்ன்பருக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு யோசனை பிறந்தது. எங்கள் தெருவிலிருந்து நேராகப் பார்த்தால் எதிர்வீடுதான் தெரியும். கடல் தெருக்கோடியில் இருக்கிறது. முகப்புச் சுவரை இடித்து, தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மூன்று பக்கக் கண்ணாடி ஜன்னல் வைத்தால், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் கடலின் ஒரு துண்டு தெரியும். உடனே அது ‘கடல் தெரியும் அறை’. வாடகையை ஏற்றலாம். மான்செஸ்டரிலிருந்து பிரிட்சார்டு என்ற கட்டட வரைபடக்காரரை அழைத்து வந்தார். மீசையைப் பார்த்துப் பார்த்து வளர்த்த இளைஞர். முதலில் தெருவின் மேட்டுக்கோடியில் இருக்கும் செலினாவின் வீடு, அடுத்த குளிர்காலத்தில் என் வீடு, பிறகு வரிசையில் மற்றவை என்று முடிவானது.

இரண்டு மாடிக்கு ஜன்னல் வெளியே துருத்தி நிற்க வேண்டுமானால் அதைத் தாங்க அடியில் ஏதாவது வேண்டும் அல்லவா? பள்ளத்திலிருந்து செங்கல்லால் கட்டி எழுப்பினார்கள். எங்கே? அடுக்களை ஜன்னலுக்கு நேர் முன்னால். வேலை முடிந்தபோது செலினாவின் ஜன்னல் அப்படியே இருந்தது, கண்ணாடிகூட உடையவில்லை. திறந்தால் ஒரு முழத்தில் செங்கல் சுவர். சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இரும்புச் சல்லடை. அவ்வளவுதான்.

செலினா அன்றைக்கே பிரிட்சார்டைப் பிடித்தாள்.

“ஏன் தம்பி, என் ஜன்னல் எங்க?”

“அங்கதானே இருக்கு, மிஸஸ் ஹாஸ்லம்.”

“செங்கல்லைப் பாத்துக்கிட்டா சமைக்கிறது?”

“அது வெறும் அடுக்களைதானே. வரைபடத்துல அங்க யாரும் குடியிருக்கலையே.”

அவர் திமிராகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. வீடு முழுக்க அளந்து அளந்து போட்டவர், அந்த வீட்டை நடத்துகிறவள் ராத்திரி எங்கே தலைசாய்ப்பாள் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தார்ன்பரிடம் போனாள். “வியாபாரம் நல்லா நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார். மறுபடி போனாள். அதே பதில். வில்ஃபை அனுப்பினாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

கோடை வந்தது. பட்டப்பகலில் விளக்கு எரிய வேண்டும். அடுப்பு ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம், ஈரத்துணி ஒரு பக்கம். நான் போய் நின்றால் என் கண்ணே எரியும். செலினாவின் இருமல் என் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்க ஆரம்பித்தது. ஜூலைக் கடைசியில் ஒருநாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கை அடுப்பில் பட்டு வெந்துபோனது. வைத்தியர் வந்து பார்த்து, “கடற்காற்று நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார். கடற்காற்று! ஊர் ஊராக ரயில் ஏறி வந்து அந்தக் காற்றை வாங்குகிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறவளுக்கு அது மருந்துச்சீட்டு.

“இந்தக் கோடையை இங்கயே கழிச்சா அடுத்த கோடைக்கு நான் இருக்க மாட்டேன், டோர்கஸ்” என்றாள் என்னிடம். அழவில்லை. ரொட்டி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஓல்டாம் ஆலைகளுக்கு விடுமுறை. ஊரே பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துத் தறியில் நிற்கிறவர்கள் இங்கேயும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் தங்குவார்கள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஓல்டாம்தான். செலினா வீட்டு மாடி முன்னறை எப்போதும் ஹெப்ஸி கிளெக்குக்கு. ஹெப்ஸி நெசவாலைக்காரி, ஒல்லி, நீளமான முகம், பேசும்போது உதடு இரண்டும் தனியாக வேலை செய்யும். அவள் கணவன் ஆமோஸ் அவள் சொல்வதற்குத் தலையாட்ட மட்டும் வருவான்.

அந்தச் சனிக்கிழமை நான் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் செலினா வீட்டுப் புது ஜன்னலில், மூன்று கண்ணாடிக்கும் நடுவில், நல்ல நாற்காலியில் செலினா. அடுக்களைத் துணியோடு. கையில் கட்டு. பின்னால் அவளுடைய பலகைப் படுக்கை விரித்திருக்கிறது. தெருவே நின்று பார்த்தது.

ஓடினேன். “பைத்தியமா உனக்கு? ஓல்டாம் வண்டி வந்தாச்சு!”

“வரட்டும். கீழே யாரும் குடியில்லைன்னு சொன்னாங்கல்ல? அதான் குடியிருக்க இடம் பாத்து வந்துட்டேன்.”

“அடுப்பு?”

“அணைச்சாச்சு.”

வந்தவர்கள் படிக்கட்டில் பன்றித்தொடைகளை வைத்துவிட்டு முழித்தார்கள். பெயர்ச்சீட்டு தொங்கத் தொங்க மூட்டைகள் குவிந்தன. ஹெப்ஸி உள்ளே வந்தாள். தன் அறையையும் தன் நாற்காலியையும் பார்த்தாள்.

“எழுந்திரு, செலினா.”

“மாட்டேன், கண்ணு.”

“இதப் பாரு. வருஷம் பூரா நாலு சுவத்துக்குள்ள நிக்கிறேன். பஞ்சு மூக்குல ஏறுது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், ஜன்னல்ல உக்காந்து மத்தவங்க நடக்கிறதப் பாக்க வர்றேன். அதையும் நீ புடுங்கிக்குவியா?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் செலினா குரலை உயர்த்தவில்லை.

“கீழே போயி ஒரு தடவை பாத்துட்டு வா, ஹெப்ஸி. அப்புறமும் எழுந்திருன்னு சொன்னா எழுந்திருக்கிறேன்.”

இத்தனை வருஷத்தில் ஹெப்ஸி அந்தப் படியில் கால் வைத்ததில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூட இறங்கினேன். அவள் ஜன்னலைத் தூக்கிச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சல்லடைக்கு முன்னால் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். பலகை கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

“எங்க ஆலைல தறிக்குக்கூட ஜன்னல் உண்டு” என்றாள். பிறகு, “என் தொடைக்கறி இங்கயா வேகுது?” என்றாள். எதற்கு அவளுக்கு அதிகக் கோபம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேலே வந்து இன்னொரு நாற்காலியை இழுத்துச் செலினா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “தள்ளி உக்காரு. எனக்கும் கடல் தெரியணும்.”

யார் போய்ச் சொன்னார்களோ, கொஞ்ச நேரத்தில் தார்ன்பர் வந்தார். உயரமானவர், மழமழவென்று சிரைத்த முகம். கூடவே பிரிட்சார்டு. தார்ன்பர் முதலில் ஹெப்ஸியிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார், விருந்தினர் அல்லவா. பிறகு செலினாவிடம் திரும்பினார்.

“மிஸஸ் ஹாஸ்லம், தெரு மானத்தை வாங்குறீங்க. கீழே போங்க.”

“கீழேன்னா எங்க ஐயா? உங்க படத்துல என் பேர் போட்ட அறை எதுன்னு காட்டுங்க, இப்பவே போறேன்.”

“எகத்தாளம் வேண்டாம்.”

“எகத்தாளமா? கையைப் பாருங்க. நெஞ்சுல காத வச்சுக் கேளுங்க. என் ஜன்னலுக்கு முன்னால சுவர எழுப்பிட்டு, எங்கிட்டயே மானம் பேசுறீங்களே!”

குரல் தெருவுக்குக் கேட்டது. தார்ன்பர் முகம் சிவந்தது. “இருங்க, நாங்க கலந்து பேசிட்டு வர்றோம்” என்று பிரிட்சார்டைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நல்ல காற்று, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அவர்கள் கடல் பக்கமாக நாலு வீடு தள்ளி விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். பழைய தட்டை ஜன்னலாக இருந்திருந்தால் அவர்கள் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். கடல் தெரியட்டும் என்று அவரே வைத்த பக்கவாட்டுக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தார்கள்.

ஹெப்ஸி திடீரென்று கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி சாய்ந்தாள். “பேசாதீங்க ரெண்டு பேரும்.”

நெசவாலைக்குள் தறிச் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டால் பேசிக்கொள்வார்கள், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அடுத்தவர் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார்கள். பிளாக்பூலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். ஆலை விடுமுறை வாரத்தில் தெருவில் நின்று ரகசியம் பேசக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். தார்ன்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலுக்குள் இருப்பவர்களைக் கணக்கில் எடுத்துப் பழக்கம் இருந்தால்தானே!

“சின்னவரு என்னமோ சொல்றாரு... மீசை மறைக்குது, சனியன்” என்றாள் ஹெப்ஸி. “பெரியவரு சொல்றாரு... ‘ஜன்னல் வச்சுத் தரேன்னு சொல்லிடுவோம்.’”

செலினா பெருமூச்சு விட்டாள்.

“இரு. இன்னும் இருக்கு. ‘இந்தக் கூட்டம் ஊருக்குப் போகட்டும். செப்டம்பர் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடறேன். புதுசா வர்றவளுக்கு ஜன்னல் இருந்ததே தெரியாது.’” ஹெப்ஸி நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “‘இவ இருமுற இருமலுக்குக் குளிர்காலம் தாண்ட மாட்டா.’”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செலினா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், ஆனால் அந்தக் குரல், கறிக்கடையை நடுங்க வைத்த குரல், வரவில்லை. இருமல்தான் வந்தது.

“நீ உக்காரு” என்றாள் ஹெப்ஸி. “சத்தம் போட வேண்டிய வேலை இல்ல இது.”

எதிர்வீட்டு ஜன்னலில் அவளோடு பக்கத்துத் தறியில் நிற்கிறவள் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஹெப்ஸி அவளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். வாய் அகலமாகத் திறந்து மூடியது, ஒரு சத்தமும் இல்லை. எதிர்வீட்டுக்காரி முகம் மாறியது. அவள் வாசலுக்கு ஓடி வந்து படியில் நின்று இன்னொரு ஜன்னலைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்து. தார்ன்பரும் பிரிட்சார்டும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு திரும்பி நடந்து வருவதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் ஜன்னலில், வாசற்படியில், கம்பிவேலியோரம், எல்லாம் ஓல்டாம் பெண்கள். தொப்பி கழற்றாதவர்கள், பாதி செருப்பு போட்டவர்கள். அத்தனை பேரும் தார்ன்பரைப் பார்த்துக்கொண்டு வாயை அசைத்தார்கள். தெருவில் கடல் சத்தம் மட்டும்தான்.

தார்ன்பர் நடு வழியில் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையைத் தூக்கி உதட்டை மறைத்துக்கொண்டார். இனி மறைத்து என்ன!

ஹெப்ஸி ஜன்னலைத் தூக்கினாள். “மிஸ்டர் தார்ன்பர்! குளிர்காலம் தாண்ட மாட்டான்னீங்களே, அதக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. இவளுக்குச் சரியா கேக்கலையாம்.”

“நான்... நீங்க தப்பா...”

“நான் தறியில நிக்க ஆரம்பிச்சப்ப என் தலை தறி உயரம்கூட இல்ல. அப்பயிருந்து உதடு படிக்கிறேன். தப்பா படிச்சா அங்க விரல் போயிடும்.” அவள் தெருவைக் காட்டினாள். “இவளைக் காலி பண்ணச் சொல்லுங்க, அடுத்த வருஷம் ஓல்டாம்லேருந்து ஒரு மூட்டைகூட உங்க வரிசையில இறங்காது. கடலைத் தூக்கிட்டு வந்து கட்டில்மேல வச்சாலும் இறங்காது.”

ஆமோஸ் படிக்கட்டில் நின்று தலையாட்டினான். அன்றைக்கு அது நன்றாக இருந்தது.

தார்ன்பர் அத்தனை பேர் முன்னாலும், வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, செலினா அந்த வீட்டில் இருக்கலாம், அடுக்களைக்கு வெளிச்சம் வரும்படி செய்யப்படும் என்று சொன்னார். “எப்போ?” என்று தெருக்கோடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். திங்கட்கிழமை கொத்தனார்கள் வந்தார்கள். பிரிட்சார்டும் வந்தார். முதல்முறையாகக் கீழே இறங்கிப் பார்த்தார். அடியில் கட்டிய செங்கல்லில் அகலமாகத் திறப்பு வெட்டி, மேலே இரும்பு உத்திரம் வைத்தார்கள். அது அவ்வளவு சுலபமான வேலையாம். கட்டும்போதே செய்திருந்தால் ஒரு நாள் கூலிகூட அதிகம் ஆகியிருக்காதாம். அவரே சொன்னார், வெட்கமில்லாமல். இத்தனை நாள் ஒருத்தி மூச்சுக்குத் தவித்தது அந்த ஒரு நாள் கூலிக்கா? அதுகூட இல்லை. யாரும் நினைத்துப் பார்க்காததற்கு.

அதுதான் எனக்கு ஆறவில்லை. செலினா தன் குரலால் கேட்டாள், வருஷம் பாதி கேட்டாள். அது அவர் காதில் ஏறவில்லை. மூட்டை இறங்காது என்றதும் ஏறிவிட்டது. மறு குளிர்காலம் என் வீட்டுக்கு மூன்று பக்க ஜன்னல் வந்தபோது அடுக்களைக்குத் திறப்பும் கூடவே வந்தது. “எங்க வீடுகள்ல அடுக்களைகூட நல்ல வெளிச்சம்” என்று தார்ன்பர் புது ஆட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

கொத்தனார்கள் போன அன்று மதியம் செலினா பலகையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் போனேன். அடுப்பு எரிந்தது, பன்றித்தொடைகள் சீட்டோடு வரிசையில் நின்றன. அவள் விளக்கை ஊதி அணைத்தாள். ஜன்னலைத் தூக்கினாள். காற்று வந்தது. மேசையின்மேல் வெயில் ஒரு துண்டு விழுந்தது. அவள் கட்டுப்போட்ட கையை அதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மேலே கம்பிவேலியருகே ஒரு ஜோடி காலணி வந்து நின்றது. ஹெப்ஸி குனிந்தாள். திறப்பு வழியாக அவள் நீளமுகம் தெரிந்தது. செலினாவைப் பார்த்துச் சத்தமில்லாமல் எதையோ சொன்னாள். உதடு அகலமாக, நிதானமாக அசைந்தது.

செலினாவின் கண் கலங்கியது. “என்ன சொல்றா, டோர்கஸ்? நல்லா இருன்னு சொல்றாளா?”

எனக்கு உதடு படிக்கத் தெரியாது. ஹெப்ஸி பார்த்தாள், எங்கள் இருவருக்கும் புரியவில்லை என்று தெரிந்துகொண்டாள். வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

“டீ, செலினா! எனக்கும் ஆமோசுக்கும்! இனிமே மணியடிக்க வேண்டாம், இப்படியே சொல்லிக்கலாம்!”

நான் திட்ட வாயெடுத்தேன். செலினா என்னை முந்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, கெண்டியை அடுப்பில் வைத்து, பிளீட்வுட் துறைக்குக் கேட்கிற அந்தப் பழைய குரலில், ஒரு இருமல்கூட இல்லாமல், அந்த ஜன்னல் வழியாகத் திருப்பிக் கத்தினாள்.

“வேணும்னா கீழே வந்து குடி!”